கண்ணாடி உள்ள காமிராவா? கண்ணாடி இல்லாத காமிராவா?

கலியாண மண்டபம். முகூர்த்த நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். மேடை ஓரத்தில் படம் எடுப்பவர் காமிராவைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

முதல் முடிச்சு விழுகிறது. "களக்!"

படம் பதிவாகிவிட்டது. ஆனால் அந்த நொடியை அவர் பார்க்கவில்லை!

மண்டபத்தில் கூடியிருந்த உற்றார் உறவினர் எல்லோரும் பார்த்தார்கள். படம் எடுத்தவர் மட்டும் பார்க்கவில்லை. காரணம், அந்த நொடியில் அவர் கண் எதிரே இருட்டு! அந்த இருட்டை உண்டாக்கியது காமிராவுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி இருக்கிற காமிராவுக்கு டி.எஸ்.எல்.ஆர். என்று பெயர். இல்லாத காமிராவுக்கு மிரர்லெஸ் என்று பெயர். முன்னது கனமானது, கொஞ்சம் பழையது, கைமாறி மலிவாகக் கிடைக்கும். பின்னது சிறியது, புதியது, விலை கூடியது. சேமித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எதை வாங்குவது?" என்று பலர் திகைத்து நிற்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போகிறது. மேலே பல பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டி ஒன்று உண்டு. அது வெளிச்சத்தைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆகவே நாம் பார்ப்பது உண்மையான காட்சி.

பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் சென்சாரில் வெளிச்சம் விழுகிறது. (முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பதுதான் சென்சார்.) உடனே கண்ணாடி பழையபடி கீழே வந்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரம்தான் இருட்டு. அந்தச் சத்தம்தான் "களக்!"

மிரர்லெஸ் காமிராவில் இந்தக் கண்ணாடி இல்லை. வெளிச்சம் நேராகச் சென்சாரில் விழுகிறது. சென்சார் பார்ப்பதை ஒரு குட்டி டெலிவிஷன் நம் கண்ணுக்குக் காட்டுகிறது. கண்ணாடியும், மேலே உள்ள கட்டியும் போய்விட்டதால் உடம்பு மெலிந்துவிட்டது.

இதில் ஒரு லாபம் உண்டு. படம் எப்படி வரப்போகிறது என்பது எடுப்பதற்கு முன்பே தெரியும். இருட்டாக வருமா, வெளுத்துப் போகுமா என்பதை முதலிலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. டி.எஸ்.எல்.ஆரைக் கண்ணோடு ஒட்டி வைத்து எடுத்தால், எடுத்த பிறகு பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோளில் தொங்கிய பெட்டி

1991-ல் கோடக் கம்பெனி ஒரு டி.எஸ்.எல்.ஆர். காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிக்கான் எப்-3 என்ற பிலிம் காமிராவின் உடம்பில் சென்சாரைப் பொருத்தியிருந்தார்கள். படங்களைச் சேர்த்து வைக்கத் தனியே ஒரு பெட்டி! அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒயரால் காமிராவோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை பாடுபட்டும் ஒரு படத்தில் 13 லட்சம் புள்ளிகள்தான். இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

2008-ல் பானசானிக் கம்பெனி ஜி-1 என்ற மிரர்லெஸ் காமிராவை வெளியிட்டது. 2013-ல் சோனியின் ஏ-7 வந்தது. 2018-ல் நிக்கானும் கேனனும் தங்கள் பெரிய மிரர்லெஸ் காமிராக்களோடு களத்தில் இறங்கின. 2020-ல் டி.எஸ்.எல்.ஆரை மிரர்லெஸ் முந்திவிட்டது.

அண்ணனும் தம்பியும்

ஒரே கம்பெனியின் இரண்டு காமிராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று நிக்கான் டி-7200. கண்ணாடி உள்ளது, 2015-ல் வந்தது. இப்போது கைமாறியதாகத்தான் கிடைக்கும். மற்றொன்று நிக்கான் இசட்-50. கண்ணாடி இல்லாதது, 2019-ல் வந்தது.

அண்ணனின் எடை, பேட்டரியோடு சேர்த்து 765 கிராம். தம்பி 450 கிராம். அண்ணனோடு வரும் 18-140 லென்ஸ் 490 கிராம். தம்பியோடு வரும் குட்டி லென்ஸ் 135 கிராம்தான். கூட்டிப் பார்த்தால் ஒருவர் ஒன்றேகால் கிலோ. மற்றவர் 585 கிராம். ஆனால் அண்ணனின் லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக இழுத்துக் காட்டும். தம்பியின் குட்டி லென்சால் அவ்வளவு முடியாது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. தம்பிக்கும் பெரிய லென்ஸ் மாட்டினால், எடையில் உள்ள லாபம் குறைந்துவிடும்!

படத்தின் தரம் எப்படி? அண்ணனில் 2 கோடியே 42 லட்சம் புள்ளிகள். தம்பியில் 2 கோடியே 9 லட்சம். புதியதில்தான் குறைவு! கலியாண ஆல்பத்தில் ஒட்டிய பிறகு, எந்தப் படம் எந்தக் காமிராவில் எடுத்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் கனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? இதோ ஒரு காட்சி. பழனிக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். இடுப்பில் குழந்தை. கையில் பை. தோளில் தண்ணீர்க் கூஜா. "அந்தக் காமிராவும் எதற்கு? வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார் மனைவி. காமிரா பீரோவில் படுத்துவிடுகிறது. குழந்தைக்கு மொட்டை அடித்த படம் செல்போனில்தான் கிடைக்கிறது. குழந்தை உள்ள வீட்டுக்குச் சின்னக் காமிராவே ஏற்றது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓடுகிற குழந்தையின் கண்ணை மிரர்லெஸ் காமிரா தானே தேடிப் பிடிக்கும். குழந்தை ஓரத்துக்கு ஓடினாலும் விடாது. டி-7200 கூர்மை பார்க்கும் 51 இடங்களும் படத்தின் நடுப்பகுதியில்தான் கூடியிருக்கின்றன. பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆடுவதை வீடியோ எடுப்பதிலும் தம்பியே கெட்டிக்காரன்.

தொழிலுக்கு எது?

வீட்டுக்குப் படம் எடுப்பது வேறு. அதை வைத்துப் பிழைப்பது வேறு.

ஓர் இளைஞர் கடன் வாங்கிக் கலியாணப் படத் தொழிலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதல் கவலை பேட்டரி. கம்பெனிக் கணக்கின்படி டி-7200, ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,110 படங்கள் எடுக்கும். இசட்-50 சுமார் 300 படங்கள். நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக எடுக்கும் என்றாலும், வித்தியாசம் வித்தியாசம்தான். மிரர்லெஸ் காமிராவில் குட்டி டெலிவிஷன் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கிறதே! விடியற்காலை முகூர்த்தம் முதல் இரவு வரவேற்பு வரை ஓட, பையில் நாலு பேட்டரியாவது வேண்டும்.

அடுத்தது கார்டு. டி-7200-ல் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். இசட்-50-ல் ஒரே கார்டுதான். அது கெட்டால்? "தாலியை இன்னொரு தரம் கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? விலை கூடிய மிரர்லெஸ் காமிராக்களில் இரண்டு கார்டு வசதி உண்டு. ஆனால் கடனும் கூடிவிடும். தொழில் தொடங்குகிறவர், நல்ல நிலையில் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆரை வாங்கி, மீதிப் பணத்தை நல்ல லென்சில் போடுவதே புத்திசாலித்தனம்.

மிரர்லெஸ் காமிராவில் சத்தமே இல்லாமலும் படம் எடுக்கலாம். மந்திரம் ஓதும்போது இது நல்ல வசதி. ஆனால் மண்டபத்தில் எரியும் சில எல்.இ.டி. விளக்குகளின் கீழே இப்படி எடுத்தால், படம் முழுவதும் புடவைக்கரை போலக் கோடு கோடாக விழும்! சத்தம் கேட்டாலும் பரவாயில்லை என்று, அங்கே பழையபடி ஷட்டரைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் லென்ஸ் இருக்கிறதா?

காமிரா வாங்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். காமிரா மாறும், லென்ஸ் நிற்கும். பழைய லென்சைப் புதிய காமிராவில் மாட்ட "அடாப்டர்" என்ற வளையம் விற்கிறார்கள். கேனனின் பழைய இ.எப். லென்சுகள் அந்த வளையத்தில் நன்றாகவே வேலை செய்யும். நிக்கானில் மட்டும் கவனம் தேவை. லென்சின் பெயரில் ஏ.எப்.-எஸ் என்று இருந்தால் கவலை இல்லை. "டி" என்று முடியும் பல பழைய லென்சுகளில் மோட்டார் கிடையாது. டி-7200-ன் உடம்பில் உள்ள மோட்டார் அவற்றைச் சுற்றிவிடும். இசட்-50-ல் வளையம் போட்டு மாட்டினால் சுற்றாது. கூர்மையைக் கையால் திருகித்தான் வைக்க வேண்டும். அப்பா வாங்கி வைத்த லென்ஸ் அந்த வகையாக இருந்தால், டி-7200 வாங்குவதே லாபம்.

லென்சே இல்லாதவர் கொஞ்சம் முன்னே பார்க்கவேண்டும். 2020-க்குப் பிறகு நிக்கானும் கேனனும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டு வரவில்லை. புதிய லென்சுகளும் மிரர்லெஸ் காமிராவுக்கே வருகின்றன. பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர், பணம் இடம் கொடுத்தால், மிரர்லெஸ் வாங்கலாம்.

பழையது வாங்கும்போது

இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். நிக்கான் டி-7200 காமிராவே அந்தக் கணக்கைப் படத்தோடு எழுதி வைக்கிறது. ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் தெரிந்துவிடும். டி-7200-ன் ஷட்டரை 1,50,000 தடவை இயக்கிச் சோதித்திருக்கிறார்கள். 30,000 ஓடியதற்கும் 1,40,000 ஓடியதற்கும் ஒரே விலை கொடுக்கலாமா?

பிறகு லென்சைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சக்காளான். ஸ்டூடியோக்காரர்கள் "பங்கஸ்" என்பார்கள். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் மழைக்காலம் முழுவதும் பீரோவில் கிடந்த லென்சுகளுக்கு இந்த நோய் எளிதில் வரும். விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வேண்டாம். நல்ல லென்ஸ் கிடைத்தால், வீட்டுக்கு வந்ததும் அதை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும்.

கடைசியாக, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும். எப்-16 வைத்து எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். துடைத்தால் போகும் தூசிதான். அதற்காகக் காமிராவை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விற்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, அதன்பிறகு விலை பேசலாம்!