ஜூன் 30இல் ஆடப்படும் ஆட்டம்

மாத்தளை நகரிலிருந்தும் உக்குவளை, ரத்தோட்டைப் பக்கங்களிலிருந்தும் விளையாட்டுப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இப்போது ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. தங்கள் கழகம் தப்புமா என்று யாரும் கேட்கவில்லை. தப்பிய கழகத்தை நிஜமாகவே தப்பியதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். புள்ளிகளைக் குறைப்பது யார், எந்த வருடக் குற்றத்துக்கு எந்த வருடத்தில் குறைக்கிறார்கள், ஒரு கழகத்துக்குக் குறைத்ததை இன்னொன்றுக்கு ஏன் குறைக்கவில்லை என்று கேள்வி நீள்கிறது.

இங்கிலிஷ் பிரீமியர் லீக்கின் இவ்வருட ஆட்டங்கள் மே 24ஆம் திகதி முடிகின்றன. பெரும்பாலான கழகங்கள் கணக்குப் புத்தகத்தை மூடுவதோ ஜூன் 30இல். புள்ளி வெட்டுக்குக் காரணமான பழைய நிதி விதிப்படி மூடப்படும் கடைசிக் கணக்கும் இந்த வருடத்துடையதுதான். அந்த விதியைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வேளை இனி வராது.

இருபதில் மூன்று கழகங்கள் கீழே போகும் என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நேரே விதிக்குப் போகலாம்.

‘இலாபமும் நிலைபேறும்’ என்பது விதியின் பெயர். இலாபம் ஈட்டச் சொல்லும் விதி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மூன்று வருடங்களில் ஒரு கழகம் எவ்வளவு நட்டப்படலாம் என்பதற்கான உச்சவரம்புதான் அது: 105 மில்லியன் பவுண். ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்தாலும் 4,200 கோடி ரூபா. அதில் 15 மில்லியனை மட்டுமே கழகம் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். மிச்சம் 90 மில்லியனுக்கு முதலாளி பங்கு மூலதனம் கொட்டவேண்டும். கழகங்கள் கடனில் மூழ்காமல் காப்பதுதான் நோக்கம் என்கிறது லீக். பை நிறைந்த முதலாளி இருந்தால் அதிகமாக நட்டப்படலாம் என்பதுதான் விதி நடைமுறையில் சொல்வது. 2013இல் வந்த இந்தத் தொகை, வீரர்களின் விலை பல மடங்கு ஏறிய பிறகும் அப்படியே நிற்கிறது.

2023 நவம்பர் 17ஆம் திகதி எவர்டன் கழகத்திடமிருந்து 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. 14 புள்ளிகளுடன் 14ஆம் இடத்தில் இருந்த கழகம் ஒரே மாலையில் 4 புள்ளிகளுக்கும் 19ஆம் இடத்துக்கும் போனது. 2021-22உடன் முடிந்த கணக்குக் காலத்தில் 124.5 மில்லியன் பவுண் நட்டம், அதாவது எல்லையைவிட 19.5 மில்லியன் அதிகம் என்பது குற்றம். இத்தனை மில்லியனுக்கு இத்தனை புள்ளி என்று விதிப்புத்தகத்தில் எந்த அட்டவணையும் அப்போது இல்லை. திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போன போர்ட்ஸ்மத் கழகத்துக்கே 2010இல் 9 புள்ளிகள்தான் வெட்டினார்கள். கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு கூடுதலாகச் செலவழித்த கழகத்துக்கு 10. மேன்முறையீட்டில் 2024 பெப்ரவரி 26ஆம் திகதி அது 6ஆகக் குறைந்தது. ஏப்ரலில், அடுத்த மூன்று வருடக் கணக்குக்காக இன்னும் 2 புள்ளிகள் போயின.

பெரும்பாலான செய்திகள் இதோடு நின்றுவிட்டன. உண்மையில் கதை தொடங்குவது இங்கேதான்.

முதல் குற்றம் முடிந்தது 2021-22 பருவத்தில். அந்தப் பருவத்தில் எவர்டன் எப்படித் தப்பியது என்பதை அதன் ஆதரவாளர்கள் நித்திரையிலும் சொல்வார்கள். 2022 மே 19ஆம் திகதி கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக இடைவேளையில் 0-2 என்று பின்தங்கி, 85ஆவது நிமிடத்தில் கல்வர்ட்-லூயின் தலையால் முட்டிய கோலுடன் 3-2 என்று வென்றது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முடிவில் எவர்டன் 39 புள்ளிகள். 18ஆம் இடத்தில் இறங்கிய பர்ன்லி 35. மேன்முறையீடு நியாயமானது என்று சொன்ன அந்த 6 புள்ளிகளை அதே பருவத்தில் கழித்துப் பாருங்கள்: எவர்டன் 33. பர்ன்லி மேலே, எவர்டன் கீழே.

அடுத்த வருடம் இன்னும் சிக்கலானது. 2023 மே 28, கடைசி நாள். போர்ன்மத்தை 1-0 என்று வென்று எவர்டன் 36 புள்ளிகளுடன் தப்பியது. வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றும் லெஸ்டர் சிட்டி 34 புள்ளிகளுடன் இறங்கியது. ஏழு வருடங்களுக்கு முன்னர்தான் கிண்ணத்தையே தூக்கிய கழகம் அது. அந்தப் பருவத்தோடு முடிந்த கணக்குக்காக எவர்டனுக்குப் பின்னால் வெட்டப்பட்ட 2 புள்ளிகளை அப்போதே வெட்டியிருந்தால் இருவரும் 34இல் சமன். கோல் வித்தியாசம் லெஸ்டருக்கு மைனஸ் 17, எவர்டனுக்கு மைனஸ் 23. இறங்கியிருக்கவேண்டியது எவர்டன்.

அப்படியானால் லெஸ்டருக்கு அநியாயம் நடந்ததா? அவசரப்படவேண்டாம். அதே மூன்று வருடங்களில் லெஸ்டரின் நட்டம் 129.4 மில்லியன் பவுண். எல்லையை 24.4 மில்லியனால் தாண்டியிருந்தது. எவர்டனின் மீறலைவிட இது பெரிது. அதற்குக் கிடைத்த தண்டனை பூச்சியம்.

எப்படி? தரமிறக்கப்பட்ட கழகம் ஜூன் நடுப்பகுதியில் தன் பிரீமியர் லீக் பங்கைக் கையளித்துவிடவேண்டும். லெஸ்டரும் கையளித்தது. அதன் கணக்கு வருடம் முடிந்தது ஜூன் 30இல். அந்தத் திகதியில் அது பிரீமியர் லீக் கழகமே இல்லை. இல்லாத கழகத்தை லீக் எப்படி விசாரிக்கலாம் என்று அதன் சட்டத்தரணிகள் கேட்டார்கள். 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டுக் குழு அந்த வாதத்தை ஏற்றது. எழுதியதை எழுதியபடியே வாசித்தால் குழு சொன்னது சரிதான். விதியை எழுதியவர்கள்தான் கோட்டைவிட்டார்கள். கீழே விழுந்ததே லெஸ்டருக்குக் கவசமாயிற்று. அதற்குள் அது மறுபடி பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்து ஆடத் தொடங்கியிருந்தது என்பது கூடுதல் வேடிக்கை. லீக் அதிருப்தி அறிக்கை வெளியிட்டது. அறிக்கைக்குப் புள்ளிப்பட்டியலில் இடமில்லை.

நொட்டிங்ஹம் பொரஸ்டுக்கு அதே ஜூன் 30 எமனாக வந்தது. மூன்று வருடங்களில் இரண்டை இரண்டாம் பிரிவான சம்பியன்ஷிப்பில் கழித்ததால் அதன் எல்லை 61 மில்லியன் பவுண் மட்டும். அதைத் தாண்டியது 34.5 மில்லியனால். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பிரெனன் ஜோன்சனை அது டொட்டன்ஹாமுக்கு 47 மில்லியனுக்கு மேல் விலைக்கு விற்றது. ஆனால் விற்ற திகதி 2023 செப்டெம்பர் 1. ஜூனில் அவசரப்பட்டு விற்றிருந்தால் குறைந்த விலைதானே கிடைத்திருக்கும், பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்பதுதானே நிலைபேறு என்று பொரஸ்ட் வாதாடியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆணைக்குழு மசியவில்லை. 2024 மார்ச் 18ஆம் திகதி 4 புள்ளிகள் போயின, 25இலிருந்து 21. லூட்டன் டவுன் 22 புள்ளிகளுடன் ஒரு ஆட்டமும் ஆடாமல் மேலே ஏறியது.

உள்ளூரில் வளர்ந்த பையனை விற்பதற்கு ஏன் இவ்வளவு மவுசு? மாத்தளை வாசகருக்கு மிளகை வைத்தே விளக்கலாம். வெளியே விலைகொடுத்து வாங்கிய மிளகை விற்றால் வாங்கிய விலை போக மிச்சம்தான் இலாபம். வீட்டுத் தோட்டத்துக் கொடியில் பறித்ததை விற்றால் வந்த காசு முழுவதும் இலாபம். கணக்காளர் வீரர்களையும் அப்படித்தான் பார்க்கிறார். 50 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலை வருடத்துக்கு 10 மில்லியனாகப் பிரித்து எழுதப்படும். பயிற்சிக்கூடப் பையனின் புத்தக விலையோ பூச்சியம். விற்ற தொகை முழுவதும் அந்த வருட இலாபத்தில் விழும்.

2024 ஜூன் கடைசியில் இந்தச் சூத்திரம் அம்பலத்துக்கு வந்தது. செல்சி தன் பயிற்சிக்கூடத்து இயன் மாட்சனை அஸ்டன் வில்லாவுக்கு விற்றது; வில்லா தன் இளம் வீரர் ஒமாரி கெலிமனை செல்சிக்கு விற்றது. எவர்டனின் லூயிஸ் டொபின் வில்லாவுக்குப் போனார், வில்லாவின் டிம் இரோக்புனம் எவர்டனுக்கு வந்தார். நியூகாசிலில் வளர்ந்த எலியட் அண்டர்சன் பொரஸ்டுக்குப் போக, பொரஸ்டின் கோல்காப்பாளர் விளாக்கோடிமோஸ் எதிர்த்திசையில் பயணித்தார். இரு பக்கமும் அந்த வருடக் கணக்கில் வரவு. செலவு ஐந்து வருடங்களுக்குப் பரவும். எந்த விதியும் மீறப்படவில்லை. கழகத்தின் எதிர்காலத்தைக் காக்க வந்த விதி, கழகம் தானே வளர்த்த பிள்ளைகளை முதலில் விற்கச் சொல்கிறது. செல்சி இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 76.5 மில்லியனுக்கு விற்று வரவு எழுதிக்கொண்டது.

ஆதரவாளர் இதில் எங்கே நிற்கிறார்? 10 புள்ளி வெட்டுக்குப் பிறகு எவர்டனின் சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில், மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பத்தாவது நிமிடத்தில் அரங்கெங்கும் இளஞ்சிவப்பு அட்டைகள் உயர்ந்தன. லீக்கின் சின்னத்தோடு ஊழல் என்ற சொல் அதில் இருந்தது. அன்று எவர்டன் 0-3 என்று தோற்றது. ஆனால் டிசெம்பரில் பொரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி என நான்கு ஆட்டங்களை வரிசையாக வென்றது. நான்கிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. வெட்டுப்பட்ட கழகத்தின் ஆதரவாளர்களுக்கு ஒரு எதிரி கிடைத்தான். அது அவர்களை ஒன்றுசேர்த்தது. தரமிறக்கப் போராட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் தன் வீரர்களையே திட்டித் தீர்க்கும் கூட்டத்துக்கு இது ஒரு விடுதலை. பருவ முடிவில் எவர்டன் 40 புள்ளிகள், பொரஸ்ட் 32.

வரிசை வீடுகளுக்கு நடுவே புகுந்து அரங்கத்துக்குள் போகும் கெனில்வர்த் ரோட்டில், அதிகம் செலவழிக்காத லூட்டன் ஆதரவாளர்களுக்கு அந்த விடுதலையும் கிடைக்கவில்லை. மற்றவர்களின் புள்ளி எப்போது வெட்டப்படும், எப்போது திரும்பக் கொடுக்கப்படும் என்று பார்த்துக்கொண்டே ஒரு பருவத்தை ஓட்டினார்கள். 26 புள்ளிகளுடன் லூட்டன் இறங்கியது; அடுத்த வருடமே இன்னொரு படி கீழே, மூன்றாம் பிரிவுக்கு. அந்த வெட்டுகள் 2023-24இல் யாருடைய கதியையும் மாற்றவில்லை என்று லீக் ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். மாற்றியிருக்கவேண்டிய பருவங்கள் அதற்கு முந்தைய இரண்டும். இப்போது கணக்குகளை டிசெம்பர் 31க்குள் சமர்ப்பிக்கவேண்டும். அதே பருவத்துக்குள் தீர்ப்பு வரவேண்டும் என்பது ஏற்பாடு. போன பருவத்துக் குற்றத்துக்கு இந்தப் பருவத்தில் தண்டனை என்ற அளவுக்குத் தாமதம் குறைந்திருக்கிறது. ஒழியவில்லை.

2026-27இலிருந்து விதி மாறுகிறது. மூன்று வருட நட்டத்துக்குப் பதிலாக, வீரர்களுக்கான செலவு வருமானத்தின் 85 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். கொஞ்சம் தாண்டினால் பணம் கட்டவேண்டும். மிக அதிகமாகத் தாண்டினால் புள்ளி வெட்டு. பெரிய வருமானமுள்ள கழகத்துக்குப் பெரிய எல்லை, சிறியதற்குச் சிறிய எல்லை. வீரரை விற்ற இலாபம் இதிலும் வரவில் சேரும். ஆகவே பயிற்சிக்கூடப் பையன்கள் நிம்மதியாக இருக்க இன்னும் காலம் வரவில்லை.

கடிதங்களில் இருந்த மற்றக் கேள்விகள்:

இறங்கும் கழகம் பட்டினி கிடக்குமா? இல்லை, ஒளிபரப்புப் பணத்தின் சம பங்கில் முதல் வருடம் 55, பிறகு 45, பிறகு 20 சதவீதம் வரும், ஒரே பருவம் ஆடிவிட்டு இறங்கியவர்களுக்கு மூன்றாம் வருடத்துப் பங்கு இல்லை.

40 புள்ளி எடுத்தால் நிச்சயம் தப்பலாமா? 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2004-05இல் வெஸ்ட் புரொம் 34உடன் தப்பியது.

17ஆம் இடம் அவமானமா? 2024-25இல் 38 புள்ளிகளுடன் அந்த இடத்தில் முடித்த டொட்டன்ஹாம் அதே மாதம் யூரோப்பா லீக்கை வென்றது.

கடைசி நாளில் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் ஏன்? 1982 உலகக் கிண்ணத்தில், தங்களுக்குத் தேவையான முடிவு தெரிந்த மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் 1-0க்குப் பிறகு பந்தை உருட்டிக்கொண்டே நின்று அல்ஜீரியாவை வெளியேற்றியதால்.

நம் நாட்டில் அப்படி நடக்காதா? கிரிக்கெட்டில் நடந்ததாகச் சந்தேகம் எழுந்தது. 2017 ஜனவரியில் பாணந்துறை, களுத்துறைக் கழகங்களின் ஆட்டத்தில் கடைசி நாள் ஓவருக்குப் பத்துக்கு மேல் ஓட்டம் குவிந்து, பாணந்துறை அணித்தலைவர் சாமர சில்வாவுக்கு விதிக்கப்பட்ட இரண்டு வருடத் தடை பிறகு ஒன்றாகக் குறைந்தது.

இலங்கைக் கால்பந்தில் தரமிறக்கம்? முதலில் லீக் தடையில்லாமல் நடக்கட்டும்; 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நாட்டின் சம்மேளனத்தையே பீஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது.

பந்தைத் தொடாமலே ஒரு கழகத்தை இறக்க முடியுமா? பிரான்ஸில் முடியும்: 2025 ஜூனில் அங்குள்ள நிதிக் கண்காணிப்புக் குழு லியோன் கழகத்தை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளியது, ஜூலையில் மேன்முறையீட்டில் அது திரும்பி வந்தது.