மாவுப்பூச்சியை அடக்கிய குளவி

பப்பாளி மாவுப்பூச்சியை நினைவிருக்கிறதா? மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 2008-ல் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பஞ்சை ஒட்டியதுபோல இலையடியிலும் காயிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டது. மேலே மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. மல்பெரியிலோ மருந்தடிக்கவே பயம். அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு தாங்குமா?

2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தபடியே தின்று தீர்க்கும். மிஞ்சுவது உப்பிப்போன வெறும் கூடு. அதில் வட்டமாக ஓட்டை போட்டு அடுத்த குளவி வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. சில மாதங்களிலேயே தோட்டங்கள் தெளிந்தன. நம் விவசாயத்தில் நடந்த பெரிய நல்ல காரியங்களில் இது ஒன்று.

உங்கள் பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை விழுந்த கூடுகள் தெரிந்தால் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். குளவி வேலையைத் தொடங்கிவிட்டது; மருந்து அதையும் கொன்றுவிடும்.