மொட்டை மாடியில் ஒரு நிழல்

சித்திரை முதல் நாள். பள்ளிக்கூடம் கிடையாது. மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் மூத்த மகள் 5-ஆம் வகுப்பு, இளையவன் 3-ஆம் வகுப்பு. அடுப்படியில் மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் நுணுக்கும் சத்தம் கேட்டது. "இன்னைக்குப் பூரா என்ன செய்யலாம் மாமா?" என்று கேட்டான் இளையவன். "நிழலை அளக்கலாம் வா" என்றேன்.

மாடியில் பழைய பிளைவுட் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து ஆணி அடித்து, நடுவில் 30 செ.மீ. உயரக் குச்சியை நிறுத்தினோம். பலகைமேல் கோலிக்குண்டை வைத்தால் உருண்டு ஓடியது. மழைத்தண்ணீர் வடிவதற்காக மாடித் தரையைக் கொஞ்சம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். தாழ்ந்த பக்கத்தில் மடித்த காகிதத்தைச் செருகிக்கொண்டே வந்தோம். கடைசியில் கோலி வைத்த இடத்திலேயே நின்றது. குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டோம். இதற்கே அரை மணி நேரம் போய்விட்டது. போகட்டும். குச்சி சாய்ந்திருந்தால் அன்று அளந்த அத்தனையும் தப்பாகியிருக்கும்.

காலை 8 மணிக்கு முதல் புள்ளி வைத்தோம். நிழலின் நுனி எங்கே முடிகிறது என்று இருவருக்கும் சண்டை. நுனி ஒரு விரல் அகலத்துக்கு மங்கலாக இருந்ததுதான் காரணம். சூரியன் வெறும் புள்ளி இல்லை, வட்டம். அதனால் நிழலின் ஓரம் கத்தி வெட்டியதுபோல இருக்காது. மங்கலின் நடுவைப் பிடித்து அளந்தோம்: 60 செ.மீ. 9 மணிக்கு 34. 10 மணிக்கு 20. 11 மணிக்கு 10.

மூத்தவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முதல் ஒரு மணி நேரத்துல 26 குறைஞ்சுது. அடுத்ததுல 14தான். அப்புறம் 10. ஏன் மாமா, சூரியன் மெதுவாப் போகுதா?" இல்லை. பூமி எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது, மணிக்கு 15 டிகிரி. சாய்ந்து வரும் வெயிலில் நிழல் நீண்டு படுக்கும். வெயில் மேலே ஏற ஏற அது காலடியில் ஒடுங்கும். கை விளக்கை ஒரு பென்சிலைச் சுற்றித் தாழ்வாகவும் உயரமாகவும் பிடித்துப் பாருங்கள், உடனே புரிந்துவிடும்.

ஒவ்வொரு அளவும் முடிந்ததும் கீழே ஓடி வந்துவிடுவோம். வெயிலில் நிற்க வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கவே வேண்டாம். இடையில் அக்கா ஆட்டிய தோசை மாவை இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதியளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்டு போட்டோம். ஒன்று மேடையில், ஒன்று ஃபிரிட்ஜில். சாயங்காலம் மேடையில் இருந்தது ரப்பர் பேண்டைத் தாண்டிப் பொங்கியிருந்தது, ஃபிரிட்ஜில் இருந்தது அசையவே இல்லை. மாவிலுள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. குளிரில் அவை சோம்பிவிடும்.

மணி 12 ஆனதும் இளையவன் கூவினான்: "மாமா, உச்சி வெயில் வந்துருச்சு. நிழல் இன்னும் போகலையே!" இரண்டரை செ.மீ. மீதி இருந்தது. காத்திருந்தோம். 12.18-க்குத்தான் நிழல் மிகவும் சுருங்கியது. குச்சியின் வடக்குப் பக்கத்தில், ஒரு அரிசியின் பருமனுக்கு, கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

இந்த 18 நிமிடம் எங்கிருந்து வந்தது? இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். உத்தரப்பிரதேசத்து மிர்சாபூருக்குப் பக்கத்தில் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து அந்த நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். மதுரை அதற்கு மேற்கே ஏறக்குறைய 4.4 டிகிரி தள்ளி இருக்கிறது. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம். பெருக்கிப் பாருங்கள். (பிப்ரவரியிலோ நவம்பரிலோ அளந்தால் கணக்கு இன்னும் கால் மணி நேரம்வரை முன்பின்னாகும்.)

சென்னையில் இருக்கும் அவர்களுடைய சித்தி மகளையும் ஒரு குச்சி நடச் சொல்லியிருந்தோம். அவள் போனில் சொன்னாள்: "எங்களுக்கு 12.09-க்கே வந்துருச்சு. ஆனா நிழல் கிட்டத்தட்ட 2 செ.மீ. இருக்கு." சென்னை கிழக்கே இருப்பதால் அங்கே உச்சி முந்தி வருகிறது. அதுவரை சரி. குச்சியின் உயரம் ஒன்றுதானே, நிழல் மட்டும் ஏன் நீளம்?

ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து இரண்டு குண்டூசிகளைக் குத்தினேன். ஜன்னல் வெயிலுக்கு நேராக ஒன்றைத் திருப்பினால் அதற்கு நிழலே இல்லை. கொஞ்சம் மேலே இருந்த மற்றதற்கு நிழல் விழுந்தது. சென்னை மதுரைக்கு வடக்கே இருக்கிறது, பூமியோ உருண்டை. தட்டையாக இருந்திருந்தால் இரண்டு ஊரிலும் உச்சி நிழல் ஒரே அளவில் இருந்திருக்கும். இதே வித்தியாசத்தை வைத்துத்தான் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்பவர் 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஒரு போன் அழைப்பில் அதே வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதில் எனக்குச் சொல்லி முடியாத சந்தோஷம்.

மதுரையில் நிழல் முழுதாக மறைய இன்னும் ஓரிரண்டு நாள் இருந்தது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இரண்டே முறைதான் அங்கே அது நடக்கும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். டெல்லியில் ஒருநாளும் நடக்காது. அவ்வளவு வடக்கே சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதே இல்லை.

பலகையை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினேன். ஏப்ரல் 18-ஆம் தேதி மத்தியானம் போன் வந்தது. இளையவன் மூச்சு வாங்கப் பேசினான்: "மாமா, நிழல் திரும்பி வந்துருச்சு! ஆனா இந்தத் தடவ தெக்குப் பக்கம்!"