உலர்த்தலே பெரிது

ஆடை வெளுத்தல் எளிது, உலர்த்தலே அரிது. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில், 6,226 அடியில், அமைந்தது பட்டிப்பொல. இங்கு வாழ்வார்க்கு இவ்வுண்மையை எவரும் உரைக்க வேண்டுவதில்லை. மூடுபனி நாளிலே காலையிற் கொடியிலிட்ட துணி மாலையிலும் ஈரமாகவே இருக்கும்.

என் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் வெண்சீருடையில் அடுப்புப் புகை மணக்கும். லயத்து அறையில் அடுப்பின்மேல் உலர்த்திய உடை அது. கொழுந்து பறித்து நனைந்து மீண்ட தாய், இரவிலே துவைத்து, விடியுமுன் உலர்த்தித் தந்தது. ஆதலின் இயந்திரம் வாங்குதல் ஆடம்பரமன்று. ஒரு தாயின் உறக்கத்தை மீட்டுக் கொடுத்தலாகும்.

எம் இல்லத்திற்குச் சலவை இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் தேர்ந்தபோது, யான் முதலில் வினவியது சுழற்சி வேகத்தையே. ஒரு லீற்றர் நீரை வெப்பத்தால் ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு அலகு மின்சாரம் வேண்டும். அந்நீரைச் சுழற்றிப் பிழிவதற்கோ அதிற் சிறு பங்கே போதும். அலகு மிகுந்தோறும் கட்டண வீதமும் ஏறும் நம் நாட்டில் இது கருதத்தக்கது. எனவே நிமிடத்துக்கு 1,400 முறை சுழல்வதும், முன்புறம் கதவுடையதுமான இயந்திரத்தைத் தெரிந்தோம்.

உலர்த்தும் இயந்திரத்தில், ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகை விலை குறைந்தது. வெப்பத்தை மீண்டும் பயன்கொள்ளும் வெப்பப் பம்பி வகை விலை மிக்கது. எனினும் மின்செலவு ஏறக்குறையப் பாதியே. கடுங்குளிரில் இது மெதுவாக இயங்கும். ஆதலின் வெதுவெதுப்பான அறையில் வைத்தல் நன்று. எவ்வகையாயினும் நூற்றூசு தங்கும் வடியை ஒவ்வொரு முறையும் துப்புரவு செய்க. தவறின் தீப்பற்றவும் கூடும்.

இரண்டும் வாங்க இயலாதார் சுழற்சி மிக்க சலவை இயந்திரம் ஒன்றையேனும் முதலிற் கொள்க. நன்கு பிழிந்த துணி பாதி உலர்ந்த துணியாகும்.