வாலில் முள், வயிற்றில் குட்டி

கிள்ளான் சந்தையில் துண்டு போட்டு விற்கும் ‘ஈக்கான் பாரி’தான் நம் திருக்கை. சம்பல் பூசி வாழையிலையில் சுட்டு வைத்தால், அது சுறாவுக்கு உறவு என்று யார் நினைக்கப் போகிறார்கள்? சுறாவைப் போலவே அதன் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்புதான்.

வால்முள்ளில் நஞ்சு உண்டு. மணலுக்குள் கிடப்பதைத் தெரியாமல் மிதித்தால் குத்தும். தானாகத் துரத்தி வராது.

திருக்கை முட்டையிடாது, ஈற்றுக்குச் சில குட்டிகளே போடும். வலையின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்குமா? சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றில் வாழும் நன்னீர்ப் பெருந்திருக்கை இன்று அருகிவரும் இனம். அவ்வினத்தில் ஒன்று 2022 ஜூனில் கம்போடியாவின் மேக்கோங் ஆற்றில் சிக்கியது: 300 கிலோ எடை, ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். கண்காணிப்புக் கருவி பொருத்தி, உயிரோடு ஆற்றில் விட்டார்கள்.

மலேசியா 2019இல் மந்தா திருக்கைகளைப் பாதுகாக்கப்பட்ட மீன்களின் பட்டியலில் சேர்த்தது. சந்தைக்கு வரும் சாதாரணப் பாரி அதில் இல்லை.