நடுவர் இல்லாத ஆட்டத்தில் லேட்டாக வந்தால் யார் கேட்பது? அல்டிமேட் ஃபிரிஸ்பீயின் நேரக் கணக்கு

அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் டிஸ்க் கையில் இருக்கும்போது எதிரில் நிற்கும் வீரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுவார். பத்தைத் தொடுவதற்குள் டிஸ்க்கை வீசியாக வேண்டும். இல்லையென்றால் அது எதிரணிக்குப் போய்விடும். நொடிக்கு நொடி எண்ணி ஆடும் இந்த விளையாட்டில், காலை 7 மணி ஆட்டம் 7.30-க்குத் தொடங்கினால் எப்படி இருக்கும்?

அமெச்சூர் தொடர்களில் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அது எப்பவும் நடக்கிறதுதானே" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயமா இது? ஒரு அணி அரை மணி நேரம் தாமதமாக வந்தால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? லேட்டாக வந்தவர்களுக்குப் புள்ளி அபராதம் போடுவது சரியா, மன்னித்து விடுவது சரியா? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கி வைத்த ஆட்டம் இது. புல்தரையில் அணிக்கு 7 பேர், கடற்கரை மணலில் 5 பேர். டிஸ்க்கின் எடை 175 கிராம். டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, வீசித்தான் நகர்த்த வேண்டும். எதிர்முனையில் இருக்கும் எல்லைப் பகுதிக்குள் சக வீரர் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி.

இதன் பெரிய விசேஷம், நடுவர் கிடையாது என்பதுதான். ஃபவுல் நடந்தால் ஆடுகிறவர்களே சொல்லி, ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பிலும் இதே முறைதான். இதற்கு 'ஸ்பிரிட் ஆஃப் தி கேம்' என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணியின் நடத்தைக்கு மதிப்பெண் போடும். விதிகளை அறிந்து ஆடியது, ஃபவுலும் உடல் மோதலும், நியாய உணர்வு, நல்ல மனநிலையும் சுயக்கட்டுப்பாடும், பேசிய விதம் என ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 வாங்கினால் இயல்பான, நல்ல ஆட்டம் என்று அர்த்தம்.

நம்ம ஊருக்கும் இந்த விளையாட்டு புதிது இல்லை. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் பல வருஷமாக ஆடுகிறார்கள். 'சென்னை ஹீட்' தொடருக்கு வெளியூர் அணிகளும் வருகின்றன. சென்னை அணி ஒன்றைப் பற்றி '175 கிராம்ஸ்' என்ற குறும்படம்கூட வந்திருக்கிறது.

ஏன் லேட் ஆகிறது?

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அமெச்சூர் அணியில் யாருக்கும் சம்பளம் இல்லை. டீம் பஸ்ஸும் கிடையாது. ஒருவர் தாம்பரத்திலிருந்து முதல் ரயிலைப் பிடிப்பார். இன்னொருவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வருவார். வெளியூர் அணி இரவு ரயிலில் வந்து, பையை வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் மிக்ஸ்டு பிரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. 7 பேரில் நான்கு ஆண்கள், மூன்று பெண்கள் அல்லது நான்கு பெண்கள், மூன்று ஆண்கள் என்ற கணக்கில்தான் இறங்க வேண்டும். பல அணிகளில் பெண்களின் எண்ணிக்கை குறைவு. விடியற்காலை 5 மணிக்கு வீட்டிலிருந்து தனியாகக் கிளம்ப ஒரு பெண்ணுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால், அணி முழுக்க அவருக்காகக் காத்திருக்கும்.

இதெல்லாம் நிஜமான காரணங்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. "7 மணின்னா 7.30-க்குத்தான் தொடங்குவாங்க" என்று எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்ததால் எல்லோரும் 7.20-க்கு வருகிறார்கள். எல்லோரும் 7.20-க்கு வருவதால் ஆட்டம் 7.30-க்குத் தொடங்குகிறது. அடுத்த தொடரில் அமைப்பாளர் முன்ஜாக்கிரதையாக 6.30 என்று போடுகிறார். அதை நம்பி 6.15-க்கே வந்து நிற்கிற அணிதான் ஏமாளி ஆகிறது.

அரை மணி நேரம்தானே?

சின்னதாக ஒரு கணக்கு போடலாம். 16 அணிகள், நான்கு பிரிவுகள். பிரிவுக்கு 6 ஆட்டம் என்றால் மொத்தம் 24. நான்கு மைதானங்களில் ஆடினால், மைதானத்துக்கு 6 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம், இடைவெளி 10 நிமிடம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் மதியம் 1 மணிக்குள் பிரிவு ஆட்டங்கள் முடிந்துவிடும்.

இப்போது ஒரே ஒரு மைதானத்தில், முதல் ஆட்டம் மட்டும் 30 நிமிடம் லேட். அது 7.30-க்குத் தொடங்கி 8.20-க்கு முடியும். இடைவெளியே விடாமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாலும் அது 20 நிமிடம் லேட். மூன்றாவது ஆட்டம் 10 நிமிடம் லேட். நான்காவது ஆட்டம்தான் சரியான நேரத்துக்கு வரும், அதுவும் நடுவில் வேறு யாரும் லேட் ஆகாமல் இருந்தால். ஓர் அணியின் தாமதம் மூன்று ஆட்டங்களைத் தொட்டுவிட்டது. அந்த 10 நிமிட இடைவெளிகளும் காலி. அதாவது தண்ணீர் குடிக்க, ஸ்பிரிட் மதிப்பெண் போட, அடுத்த அணி வார்ம்-அப் செய்ய இருந்த நேரம் போய்விட்டது.

சென்னை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. 11 மணிக்கு முடிய வேண்டிய ஆட்டம் 11.30 வரை இழுத்தால் மணல் சுடும். மாலையிலும் இதே கதைதான். ஜனவரியில் சுமார் 6 மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். விளக்கு இல்லாத கடற்கரையில் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. காலையில் தொலைத்த அரை மணி நேரத்தை இறுதிப் போட்டியிலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

லேட்டாக வந்தவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஆட்டோவிலிருந்து இறங்கி, ஷூ மாட்டி, நேராக மைதானத்தில் இறங்கி முழு வேகத்தில் ஓடினால் தொடைத் தசை சும்மா இருக்காது.

விதி என்ன சொல்கிறது?

பல தொடர்களில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கும். ஒன்று, ஹூட்டர். எல்லா மைதானத்துக்கும் ஒரே நேரத்தில் தொடக்க ஹூட்டர், ஒரே நேரத்தில் முடிவு ஹூட்டர். 15 நிமிடம் லேட்டாக வந்தால் உங்கள் ஆட்டம் 35 நிமிடம்தான். தாமதம் அடுத்த ஆட்டத்துக்குத் தாவாது. ஆனால் சரியான நேரத்துக்கு வந்த அணிக்கும் அதே 35 நிமிடம்தான் கிடைக்கும்.

இந்த அநியாயத்தைச் சரிக்கட்டத்தான் இரண்டாவது ஏற்பாடு, புள்ளி அபராதம். தொடருக்குத் தொடர் அளவு மாறும். 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்பது பரவலான முறை. 15 நிமிடம் லேட் என்றால் 0-3 என்ற கணக்கில் ஆட்டம் தொடங்கும்.

இங்கேதான் பிரச்சினை வருகிறது. நடுவர் இல்லாததால், அந்தப் புள்ளிகளை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் எதிரணி கேப்டன் தலையில் விழும். "பரவாயில்லை, ஆடி ஜெயிச்சுக்கிறோம்" என்று விட்டுக்கொடுத்தால் கைதட்டல். புள்ளி கேட்டால், "என்னப்பா, உங்களுக்கு ஸ்பிரிட்டே இல்லையா?" என்று பேச்சு. அபராதம் வாங்கிய அணிதான் ஆட்டம் முடிந்ததும் உங்களுக்கு மதிப்பெண் போடப் போகிறது என்பதும் மனதுக்குள் ஓடும். அதனால் பல கேப்டன்கள் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

பெருந்தன்மைதானே, அதில் என்ன தப்பு?

ஒரு பிரிவில் ஏ, பி, சி, டி என்று நான்கு அணிகள். ஏ அணி பி-யை, பி அணி சி-யை, சி அணி ஏ-வை ஆளுக்கு ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கின்றன. மூன்று அணிகளும் டி-யை ஜெயித்துவிட்டன. ஆக, மூன்றுக்கும் தலா இரண்டு வெற்றி. முதல் இரண்டு இடம் யாருக்கு? டி-யை யார் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதுதான் முடிவு செய்யும். ஏ அணி 8 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து முதலிடம். சி அணி 12-6 என்று 6 புள்ளி வித்தியாசம்.

பி அணியுடன் ஆட வேண்டிய அன்று டி அணி 15 நிமிடம் லேட். கிடைத்த 35 நிமிடத்தில் பி அணி 10-6 என்று ஜெயிக்கிறது. 3 புள்ளி அபராதத்தை எடுத்திருந்தால் 13-6, அதாவது 7 புள்ளி வித்தியாசம். பி அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். எடுக்காவிட்டால் வித்தியாசம் 4. சி அணி போகும்.

பி கேப்டன் பெருந்தன்மை காட்டினால், நேரத்துக்கு வந்து நின்ற அவர் அணியே வெளியே போகிறது. சி அணிக்கு அந்த ஆட்டத்தில் 50 நிமிடம் கிடைத்தது, பி-க்குக் கிடைக்கவில்லை. சரி, அபராதத்தை எடுத்துக்கொண்டால்? மைதானத்தில் யாரும் வீசாத மூன்று புள்ளிகளால் சி அணி வெளியே போகிறது. எந்தப் பக்கம் போனாலும், நேரத்துக்கு வந்த ஓர் அணிதான் நஷ்டப்படுகிறது. டி அணிக்கோ எப்படியும் தோல்விதான், இதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

ஆக, தாமதம் இரண்டு அணிகளுக்கு இடையிலான விவகாரம் இல்லை. ஃபவுலை மைதானத்தில் நிற்கிற இரண்டு பேர் பேசித் தீர்க்கலாம், ஏனென்றால் சம்பந்தப்பட்ட இருவருமே அங்கே இருக்கிறார்கள். தாமதத்தில் சம்பந்தப்பட்ட மூன்றாவது ஆள் பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பார். அவரைக் கேட்காமலேயே அவருடைய விதியை இரண்டு கேப்டன்கள் முடிவு செய்கிறார்கள்.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலில், அபராத முடிவைக் கேப்டன் கையிலிருந்து எடுத்து அமைப்பாளரிடம் கொடுக்க வேண்டும். முந்தைய நாள் கேப்டன்கள் கூட்டத்திலேயே "இத்தனை நிமிடத்துக்கு இத்தனை புள்ளி, விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டால், மறுநாள் காலை யாரும் கெட்டவர் ஆக வேண்டியதில்லை. அபராதம் கேட்பது ஸ்பிரிட்டுக்கு எதிரானது என்ற பேச்சும் அடங்கும்.

இரண்டாவது, உண்மையான நேரத்தைப் போட வேண்டும். 7-க்குத் தொடங்குவதாக இருந்தால் 7 என்றே போடுங்கள். மைதானத்துக்கு வர வேண்டிய நேரம் 6.30 என்று தனியாகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னபடி தொடங்கிவிட்டால், அடுத்த தடவை நம்புவார்கள்.

மூன்றாவது, அட்டவணை போடும்போதே மனிதர்களை யோசிக்க வேண்டும். இரவு ரயிலில் வருகிற அணிக்கு முதல் ஆட்டம் வேண்டாம். முதல் சுற்றை உள்ளூர் அணிகளுக்குக் கொடுக்கலாம். விடியற்காலையில் வர வேண்டிய பெண்களுக்கு அணியே வண்டி ஏற்பாடு செய்யலாம். அந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் போடக் கூடாது.

நான்காவது, ஆடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். புல்தரை ஆட்டத்தைத் தொடங்க 7 பேரும் வந்தாக வேண்டும் என்று விதி இல்லை. குறைந்தது 5 பேர் இருந்தால் இறங்கலாம். மிக்ஸ்டு ஆட்டத்தில் ஆண், பெண் எண்ணிக்கையை எப்படி வைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. "இன்னும் ரெண்டு பேர் சிக்னல்ல நிக்கிறாங்க" என்பது ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு காரணம் இல்லை. லேட் ஆகும் என்று தெரிந்ததும் எதிரணிக்கும் அமைப்பாளருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். முடிந்தால் இரண்டு ஆட்டங்களை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

எதிராளியை மதித்து ஆடுவதுதான் ஸ்பிரிட் என்று இந்த விளையாட்டு சொல்லித்தருகிறது. ஸ்பிரிட் மதிப்பெண் தாளின் ஐந்து பிரிவுகளில் நேரத்துக்கு வருவதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. இருந்தாலும் காலை 7 மணிக்கு, வார்ம்-அப் முடித்து வரிசையாக நிற்கும் ஏழு பேரைக் காக்கவைக்காமல் இருப்பதும் அந்த மதிப்புக்குள் அடக்கம்தான். அடுத்த தொடருக்குப் பெயர் கொடுக்கிறீர்களா? அலாரத்தை 15 நிமிடம் முன்னால் வையுங்கள்.