சாட்சி சொல்லும் முதியவரின் நாடித்துடிப்பு எதைச் சொல்லும்?

1987 பிப்ரவரியில் ஜெருசலேமில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜான் டெம்யான்யுக்தான் நாஜிகளின் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் நச்சுவாயு அறைகளை இயக்கிய ‘கொடூர இவான்’ என்பது குற்றச்சாட்டு. அந்த முகாமிலிருந்து உயிர்தப்பிய ஐந்து பேர் கூண்டில் ஏறி, இவர்தான் என்று உறுதியாக அடையாளம் காட்டினார்கள். எல்லோருமே முதுமையை எட்டியவர்கள். எண்பதைத் தாண்டியவரும் அவர்களில் இருந்தார். 1988இல் டெம்யான்யுக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ட்ரெப்ளிங்காவின் முன்னாள் காவலர்கள் சோவியத் அதிகாரிகளிடம் கொடுத்திருந்த வாக்குமூலங்கள், அந்த இவானின் குடும்பப் பெயர் மார்ச்சென்கோ என்று காட்டியதே காரணம். (வேறொரு முகாமில் காவலராக இருந்ததற்காக 2011இல் மியூனிக் நீதிமன்றம் டெம்யான்யுக்கைக் குற்றவாளி என்றது, மேல்முறையீடு முடியுமுன் அவர் இறந்துவிட்டார்.)

அந்த ஐவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்ட கொடுமை உண்மை, கண்ணீர் உண்மை. டெம்யான்யுக் தரப்புக்காகச் சாட்சியம் அளித்த நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகனார், அவர்களிடம் முதன்முதலில் எப்படி விசாரித்தார்கள் என்பதைத் தோண்டிப் பார்த்தார். 1976இல் இஸ்ரேலியப் பத்திரிகைகளில் வந்த அறிவிப்பிலேயே சந்தேக நபரின் பெயர் இருந்தது. பிறகு காட்டிய ஆல்பத்தில் 17 படங்கள். டெம்யான்யுக்கின் படம் மற்ற பலவற்றைவிடப் பெரிது, தெளிவு. முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு பார்த்த ஒரு முகத்தை அந்த ஆல்பத்தைப் பார்த்தே அவர்கள் தேட வேண்டியிருந்தது.

அப்படியானால், சாட்சி சொல்பவர் நேரில் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டவர் ஊட்டியதைச் சொல்கிறாரா என்று அவர் உடலைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? கண்மணி, வியர்வை, நாடித்துடிப்பு, மூளை அலை என்று பல வழிகளில் ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள்.

கண்மணியிலிருந்து தொடங்கலாம். 1966இல் டேனியல் கானெமனும் ஜாக்சன் பீட்டியும் சிலருக்கு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வோர் எண் கூடும்போதும் கண்மணி சற்று விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்ல, மனச்சுமை இறங்கும் வேகத்திலேயே அது சுருங்கியது. ஏற்கெனவே பார்த்த ஒன்றைப் பார்க்கும்போது புதியதைப் பார்ப்பதைவிடக் கண்மணி கூடுதலாக விரியும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனால் ஆய்வகத்தில் கிடைக்கும் இந்த வித்தியாசம் பல கேள்விகளின் சராசரியில் தெரிவது. நீதிமன்றத்தில் ‘அன்றைக்கு அங்கே நின்றது இவர்தானா?’ என்ற கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான்.

முதியவர்களிடம் சிக்கல் இன்னும் கூடுகிறது. வயது ஏற ஏறக் கண்மணி சிறுத்துப்போகிறது. மங்கலான வெளிச்சத்தில்கூட இளைஞருடையதைப் போல் விரிவதில்லை. கிளாக்கோமாவுக்குப் போடும் சில சொட்டு மருந்துகள் அதை மேலும் சுருக்கும். பதற்றத்தில் விரல்நுனி கசிவதைத் தோலின் மின்கடத்தலாக அளப்பார்கள். அந்தக் கசிவும் முதுமையில் குறைகிறது, நாள்பட்ட சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தவர்களுக்கு இன்னும் குறையலாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பயத்திலும் நாடி அவ்வளவாக எகிறாது. உள்ளுக்குள் நடுங்கும் ஒரு பாட்டியின் வரைபடம் சமதரையாக இருக்கலாம். நீதிமன்ற மாடிப்படி ஏறி மூச்சிரைக்கும் தாத்தாவின் வரைபடம் மலைபோல் எழலாம்.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. பொய்கண்டறியும் கருவி கணக்கில் எடுப்பது, மாட்டிக்கொள்வோமோ என்ற பதற்றத்தை. ஊட்டப்பட்ட விவரத்தைத் தன் நினைவாகவே நம்பிவிட்டவருக்கு அந்தப் பதற்றம் எதற்கு வரும்?

நம்பிவிடுவது எப்படி நடக்கிறது? ‘சிவப்புக் கார் நின்றது’ என்பது ஒரு செய்தி. அதைக் கண்ணால் கண்டோமா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா, கேள்வி கேட்ட அதிகாரியின் வாயிலிருந்தே வந்ததா என்பது அதன் மூலம். செய்தி தங்கி மூலம் நழுவுவது எல்லோருக்கும் நேரும். மூலத்தைச் சரிபார்க்கும் வேலையில் மூளையின் முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. முதுமை சீக்கிரம் தொடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் தவறான தகவலைக் கலந்து கொடுக்கும் சோதனைகளில் சராசரியாக முதியவர்கள் கூடுதலாகச் சறுக்குகிறார்கள், சில ஆய்வுகளில் அந்தத் தவறைக் கூடுதல் உறுதியோடும் சொல்கிறார்கள். இருந்தாலும் இதை வைத்து வயதானவர்களை ஒதுக்குவது அநியாயம். ஃபியோனா கேபர்ட் குழு 2003இல் சாட்சிகளை இருவர் இருவராகப் பேசவிட்டுப் பார்த்தது. 71 சதவீதம் பேர் தாங்கள் பார்க்காத, மற்றவரிடம் கேட்ட ஏதோ ஒரு விவரத்தையாவது தம் சாட்சியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இதில் இளையவருக்கும் முதியவருக்கும் வித்தியாசமே இல்லை.

உளவியலாளர் கிஸ்லி குட்யான்சன் 1984இல் உருவாக்கிய அளவுகோல், ஊட்டப்படும் விவரத்துக்கு ஒருவர் எவ்வளவு இணங்குகிறார் என்பதை நேரடியாகவே சோதிக்கிறது. வழிப்பறிக்கு ஆளான ஒரு பெண்ணின் சிறுகதையைப் படித்துக் காட்டி, 20 கேள்விகள் கேட்பார்கள். அவற்றில் 15 கேள்விகள் பொறி வைத்தவை. கதையில் இல்லாத பொருள் இருந்ததாகவே வைத்துக் கேட்கும். முதல் சுற்று முடிந்ததும், ‘நிறையத் தப்பு செய்திருக்கிறீர்கள், இந்த முறை கவனமாகச் சொல்லுங்கள்’ என்று கண்டிப்பான குரலில் சொல்லிவிட்டு அதே கேள்விகளை மறுபடி கேட்பார்கள். எத்தனை பதில்கள் மாறின என்று எண்ணுவார்கள். அந்த ஒற்றை வாக்கியத்துக்கே பலர் பதிலை மாற்றுகிறார்கள். காவல் நிலையத்தில் ஒருவர் மேசையைத் தட்டி ‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்க’ என்றால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் உடலின் அறிகுறிகளுக்கு ஒரு பயன் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் நினைவை மீட்கும் வேலையைக் கெடுக்கிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், கார்டிசோன் மாத்திரை சாப்பிட்டவர்களால் முந்தைய நாள் படித்த சொற்களைச் சரிவர நினைவுகூர முடியவில்லை. நினைவு வராதபோது மனிதர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். அங்கே ஏதாவது துப்பு கிடைக்கிறதா என்று தேடுகிறார். நெற்றி வியர்ப்பது, குரல் தேய்வது, பதிலுக்கு முன் கேட்பவரின் கண்ணைப் பார்ப்பது ஆகியவற்றைப் பொய்யின் தடயமாகக் கொள்வது தவறு. அவற்றைக் கண்டால் கேள்வியை நிறுத்த வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், ‘தெரியாது’ என்று சொல்வதும் சரியான பதில்தான் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசெல்மனும் வகுத்த விசாரணை முறை, நடந்ததைச் சாட்சியே தன் போக்கில் சொல்லவிடுகிறது, இடையில் குறுக்கிடுவதில்லை. முதியவர்களிடமும் அது நல்ல பலன் தந்திருக்கிறது. பலருக்கு வயதான பின் காலை வேளையில்தான் நினைவு தெளிவாக இருக்கும் என்பதால், பிற்பகல் வரை காக்கவைக்காமல் இருப்பதும் உதவி.

நம் இந்தியச் சட்டத்திலும் முதிய சாட்சிகளை இப்படிப் பரிவோடு விசாரிக்க இடம் உண்டு. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்கு உகந்த பதில் சொல்ல முடிகிற யாருடைய சாட்சியையும் முதுமையைக் காட்டி மறுக்க முடியாது. பொய்கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை இரண்டையும் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவின்படி, 60 வயதைக் கடந்த ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் சாட்சி விசாரணைக்கென வீட்டை விட்டு வேறெங்கும் வரச்சொல்லிக் காவல் துறை வற்புறுத்த முடியாது. வாக்குமூலத்தை ஒலி, ஒளிப்பதிவு செய்யவும் அதே சட்டம் அனுமதிக்கிறது. காவல் துறை எழுதும் வாக்குமூலம் பெரும்பாலும் சாட்சியே கோவையாகச் சொன்னதுபோல் இருக்கும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தது என்பது அதில் தெரியாது. முதல் விசாரணையின் பதிவு கையில் இருந்தால், ‘சிவப்புக் கார்’ என்ற சொல்லை முதலில் சொன்னது யார் என்பதைக் குறுக்கு விசாரணையில் போட்டுக் காட்டிவிடலாம்.